மலையூரில் ஒரு மாப்பிள்ளை விசாரிப்பு

நான்கு படங்கள் தபாலில் வந்திருந்தன. மொன்றியலில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அவற்றை வரிசையாகப் பரப்பிவிட்டு, அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான்கிலும் ஒரே மனிதர், ஒரே சிவப்புக் குளிர்ச்சட்டை. பின்னால் பல்லுப் பல்லாக நிற்கும் வெளிறிய மலைகள். ஒன்றில் பாறையில் இருக்கிறார், ஒன்றில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மற்ற இரண்டிலும் சும்மா நிற்கிறார். முகம் நல்ல முகம்தான். தங்கச்சி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா எல்லாப் படத்தையும் இரண்டு தரம் பார்த்து முடித்து நிமிர்ந்தார்.

"தனிய நிக்கிறார். அப்ப உந்தப் படங்களை எடுத்தது ஆர்?"

அந்த ஒரு கேள்வியோடு சந்தேகம் எங்கள் வீட்டுக்குள் வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டது.

தங்கச்சிக்கு இந்தச் சம்பந்தத்தைச் சொன்னது ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தூரத்து உறவு. மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துப் பக்கம். இத்தாலியின் வடக்கே மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை. "சனி ஞாயிறில மலை ஏறுவார், சைக்கிள் ஓடுவார், வேற ஒண்டும் இல்லை" என்று அந்த உறவு நல்ல குணமாகத்தான் சொன்னது. எங்கள் காதில் அது அப்படி விழவில்லை. கார் வைத்திருக்கிற மனிதன் எதற்குச் சைக்கிளில் மலை ஏறுகிறான் என்று என் கணவர் கேட்டார். ஊரிலே சைக்கிள் உழக்கி அலுத்துப்போய்த்தானே நாங்கள் விமானம் ஏறினோம் என்றும் சொன்னார். அவர் சொல்வதில் பாதி பகிடி. மற்றப் பாதியை நான் எப்போதும் கவனித்துக் கேட்பேன்.

எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை விசாரிக்கிற முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை ரொறன்ரோ என்றால் இரண்டு ரெலிபோன் போதும். பாரிஸ் என்றால் ஒரு மளிகைக் கடை, லண்டன் என்றால் ஒரு கோயில். ஆள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், யாரோடு வருகிறான் என்பது வரை ஒரு பின்னேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். இத்தாலியிலும் பெரிய நகரங்களில் எங்கள் சனம் இருக்கிறது. ஆனால் இந்த மனிதர் இருந்த ஊரில் மருந்துக்கும் ஒரு தமிழர் இல்லை. தமிழர் இல்லாத இடத்தில் ஒரு தமிழன் போய் இருக்கிறான் என்றால் அவன் தமிழருக்கு ஒளித்துத்தான் இருக்கிறான் என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தங்கச்சிக்கு அப்போது முப்பத்துமூன்று. ரொக்ஸ்பரோவில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அதற்கு முன் மூன்று சம்பந்தங்கள் எங்கள் விசாரிப்பிலேயே முடிந்துபோயின. முதலாமவர் குடிப்பார். இரண்டாமவர் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவரில் ஒரு பிழையும் இல்லை. அதை நாங்கள் கண்டுபிடித்து முடிப்பதற்குள் அவர் வேறு இடத்தில் கட்டிவிட்டார். மூன்றுக்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. இந்த மனிதரோடு ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில் கதைத்தாள். கதவுக்கு வெளியே அவள் சிரிப்பது கேட்கும். என் தங்கச்சி லேசில் சிரிக்கிறவள் இல்லை. இதுவும் குழம்பினால் அவள் இனி ஒருவரையும் கேட்க விடமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் புரட்டாதியில் பாரிஸில் சொந்தக்காரர் கலியாணம் ஒன்று. அங்கிருந்து ரயில் பிடித்தால் இத்தாலி. போய்ப் பார்த்து வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். என்னை ஒரு சுவருக்கு முன்னால் விட்டால் சுவரும் தன் கதையைச் சொல்லும் என்பது என் கணவரின் பேச்சு. இன்னொரு காரணமும் இருந்தது. ஷபனெல் தெருவில் தையல் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக என் பக்கத்து மெஷினில் இருந்தவர் ஒரு இத்தாலிக்காரி. எனக்கு இத்தாலி மொழியில் ஊசி, நூல், கோணல், கெதியாகச் செய், அவளுக்குக் கலியாணமாம் என்பவை நன்றாகத் தெரியும். மிச்சத்துக்குப் பிரெஞ்சை வைத்துச் சமாளிக்கலாம்.

நான் போகிற காரணத்தைக் கேட்டதும் அந்த இத்தாலிக்காரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, நான் சொல்லச் சொல்ல நான்கு கேள்விகளை இத்தாலியில் எழுதித் தந்தார். இவர் குடிப்பாரா? வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள்? சனி ஞாயிறுகளில் எங்கே போகிறார், யாரோடு? இவர்மேல் ஏதும் முறைப்பாடு உண்டா? மரியாதையாக இருக்கட்டும் என்று அரசாங்கக் கந்தோர்க் கடிதம் மாதிரி நல்ல எழுத்தில், மேலே மாப்பிள்ளையின் முழுப் பெயரையும் போட்டு எழுதினார். கலியாணம் என்ற சொல்லை எழுதவேண்டாம் என்று சொன்னது நான்தான். ஒன்றும் சரிவராமல் போனால் தங்கச்சியின் பெயர் எதற்கு அந்நிய ஊரில் அடிபடவேண்டும்?

ஒரு புதன்கிழமை பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய் இறங்கினேன். மாப்பிள்ளை சைக்கிளோடு வந்து நின்றார். படத்தில் பார்த்ததை விட மெலிவு, கன்னம் வெயிலில் கறுத்திருந்தது. "அக்கா, பயணம் கரைச்சலோ?" என்று கேட்டுப் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். பழைய ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சின்ன விடுதியில் எனக்கு அறை எடுத்திருந்தார். தன் வீட்டைக் காட்டவில்லை. தனி ஆண் இருக்கிற வீட்டுக்கு என்னைக் கூப்பிடாதது மரியாதை என்று ஒரு மனம் சொன்னது. வீட்டில் என்ன இருக்கிறதோ என்று மற்ற மனம் சொன்னது.

வியாழனும் வெள்ளியும் அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. பிறகு பாண் சுடுகிற கடை. பிறகு சைக்கிள் திருத்துகிற கடை. கடைசியில் கோப்பிக் கடை. எல்லா இடத்திலும் சிரித்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். தாளைக் கையில் வாங்கி வாசித்ததும் சிரிப்பு நின்றுவிடும். வீட்டுக்காரி தாளை இரண்டு தரம் வாசித்து, என்னை மேலும் கீழும் பார்த்து, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று கதவைச் சாத்தினார். சைக்கிள் கடைக்காரர் கையில் இருந்த சில்லைச் சுற்றிக்கொண்டே, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் கடைச் சுவரிலேயே மாப்பிள்ளையின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. இவ்வளவு தெரிந்தவருக்கு ஒன்றும் தெரியாதா? சுவரையே கதைக்க வைக்கிறவள் என்று பெயரெடுத்த நான் இரண்டு நாளில் ஒரு வார்த்தை கூட எடுக்க முடியாமல் நின்றேன். ஒரு ஊரே ஒருவனைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை சைக்கிள். எனக்கும் ஒன்று வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். அந்த ஊருக்கு முந்தி ரயில் வந்ததாம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு அந்த வழியைச் சைக்கிள் பாதையாக்கியிருந்தார்கள். ரயில் போன பாதை என்பதால் ஏற்றம் தெரியாது. பூட்டிக் கிடக்கும் நிலையங்கள், ஈரம் சொட்டும் சுரங்கங்கள், கீழே பச்சை நிறத்தில் ஆறு. இருபது வருடம் சைக்கிள் தொடாத என் முழங்கால் முதல் சுரங்கத்திலேயே முறையிட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும், இரண்டாவது சுரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது முன்னால் ஒரு முழு மலை வெயிலில் மஞ்சளாக நின்றது. நான் வந்த வேலையை மறந்துபோனேன். மொன்றியலில் நாங்கள் மலை என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

அங்கே நிற்கவைத்துப் படம் எடுத்தார். எப்படி என்றால், கமராவை ஒரு கல்லில் வைத்து, எதையோ அமத்திவிட்டு, முயல் மாதிரி ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். பத்து எண்ணுவதற்குள் அது தானாக எடுத்தது. அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் சந்தேகம் ஒன்று போனால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து இருக்கிறது. திரும்பி வரும்போது பார்த்தேன், சைக்கிள் கடைக்காரர் இவரைக் கண்டதும் உள்ளே போனார். கோப்பிக் கடைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார். இவரும் அதைக் கவனித்து, கோப்பியைப் பாதியில் விட்டு எழும்பினார். இந்த ஊருக்கு இந்த மனிதரைப் பிடிக்கவில்லை என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலை. மரங்களிலும் கற்களிலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு இலக்கம் எழுதியிருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஏறவேண்டும். அவர் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். ஏன் பின்னால் வருகிறார் என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். ஒரு சரளைச் சரிவில் என் கால் வழுக்கியபோது முதுகில் ஒரு கை வந்து தாங்கியது. அப்போதுதான் விளங்கியது. வழிமுழுக்க அவர் கதைக்கவில்லை. ரெலிபோனில் தங்கச்சியைச் சிரிக்க வைத்த மனிதர் இவர்தானா என்றிருந்தது.

மேலே, மரம் முடிகிற இடத்தில் ஒரு கல்வீடு. ஏறிவருகிறவர்களுக்குச் சூப்பும் சோளமாக் களியும் விற்பார்கள். வாசலில் ஒரு தடித்த கொப்பி. வருகிறவர்கள் பெயரும் திகதியும் எழுதிவிட்டுப் போவது அங்கே வழக்கம். அவர் சூப் வாங்கப் போன நேரம் நான் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். அவருடைய பெயர் இருந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் இருந்தது. அவர் பெயருக்கு மேலே யார், கீழே யார், ஒரே பெண்பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் இரண்டு கோப்பையோடு நின்றார்.

"தேடுங்கோ அக்கா. அதில எழுதினதெல்லாம் உண்மைதான்."

வெட்கத்தோடு கொப்பியை மூடினேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு எதிரே இருந்தார். வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் தன்னைத் தனியே கூப்பிட்டதாகச் சொன்னார். கனடாவில் இருந்து ஒரு பெண் உன் பெயர் போட்ட கடிதத்தோடு வீடு வீடாகப் போகிறாளாம், உன்மேல் முறைப்பாடு இருக்கிறதா என்று கேட்கிறாளாம், என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்டாராம். அடுத்த மாதம் இவருடைய வதிவிட அனுமதி புதுப்பிக்கவேண்டும். அதற்குத் தொழிற்சாலை கடிதம் கொடுக்கவேண்டும். இது என்னவென்று தெரியும் வரை கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாசித்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை.

"அக்கா, நானும் உங்களைப் பற்றி விசாரிச்சனான்தான். மொன்றியலில இருக்கிற ஒரு ஆளிட்டக் கேட்டனான். எங்கட ஆக்களிட்டக் கேட்டா அவைக்கு விளங்கும், கலியாணத்துக்குத்தான் எண்டு. இஞ்ச ஒருத்தனைப் பற்றி வீட்டுக்கு வீடு கேக்கிறது பொலிஸ் மட்டும்தான்."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவர் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரோட்டில கண்டா கை தூக்குவினம். அதுக்கு எனக்கு எட்டு வருசம் எடுத்தது."

பிறகு கேட்டார், நாளைக்குத் தொழிற்சாலைக்கு வந்து, கலியாணத்துக்காகத்தான் விசாரித்தேன் என்று சொல்வீர்களா என்று. கேட்டால் சின்ன உதவி. எங்கள் சனத்துக்கு அது சின்னது இல்லை. பெண்ணின் அக்கா வாயால் நான்கு பேருக்கு முன்னால் கலியாணம் என்று சொன்னால் அது சொல் கொடுத்த மாதிரி. இன்னும் தங்கச்சி ஓம் என்று சொல்லவில்லை, அம்மா சொல்லவே இல்லை. என் கெட்ட மனம் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. என் வாயால் சம்மதம் வாங்குவதற்கு இவர் போடுகிற திட்டமோ இது? மேற்பார்வையாளர் கூப்பிட்டதை யார் கண்டது? இறங்கும் வழியெல்லாம் இதையே உருட்டிக்கொண்டு வந்தேன். ஊருக்குள் வந்ததும் வீட்டுக்காரியின் கதவுக்கு வெளியே படியில் இவருக்கு வந்த பாண் பொட்டலம் வைக்கப்பட்டிருந்தது. வழக்கமாக வீட்டுக்காரி அதை உள்ளே எடுத்து மேசையில் வைப்பாராம். இவர் குனிந்து அதை எடுத்தபோது முகத்தைப் பார்த்தேன். நடிக்கிறவர் முகம் அப்படி இருக்காது.

விடுதியில் இருந்து மொன்றியலுக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே மத்தியானம். தங்கச்சியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அந்தக் கேள்விகளை வாசியுங்கோ என்றாள். நான்கையும் வாசித்தேன்.

"இதில நான் கேட்க விரும்பினது ஒண்டும் இல்லையே அக்கா."

"இப்ப நான் என்ன செய்யிறது பிள்ளை?"

"போய்ச் சொல்லுங்கோ. எனக்காகச் சொல்ல வேண்டாம், அந்த மனிசன்ர வேலைக்காகச் சொல்லுங்கோ. பேந்து நான் மாட்டன் எண்டா அது என்ர பாடு. அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

திங்கள் காலை மாப்பிள்ளையோடு தொழிற்சாலை வாசலில் மேற்பார்வையாளருக்கு முன்னால் நின்றேன். கைநிறையக் கண்ணாடிச் சட்டங்களோடு போய்வந்த பெண்கள் நடையைக் குறைத்தார்கள். இத்தாலியும் பிரெஞ்சுமாகக் கலந்து, என் தங்கச்சி, இவர், கலியாணம், எங்கள் வழக்கம் இப்படி, பிழை என்னுடையது என்று சொல்லி முடித்தேன். அவர் தாளை வாங்கி, நான்காவது கேள்வியில் விரலை வைத்து, தன் மகளைக் கட்டினவனைப் பற்றி இப்படி யாராவது கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கடிதத்தை அந்தக் கிழமையே தருவதாக எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. தாளைக் காட்டியபோது வாய் திறக்காதவர்கள் இப்போது என்னை மறித்து மறித்துச் சொன்னார்கள். இவர் சுரங்கத்துக்குள் பாட்டுப் பாடுவாராம். சைக்கிள் சங்கிலியைச் சோற்றுப் பானை மாதிரி துடைப்பாராம். வீட்டுக்காரி என்னை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இரண்டு வருடத்துக்கு முன் மாரிக் குளிரில் இவர் மலையில் விழுந்து கால் பிரண்டு, ஆளில்லாத ஒரு வைக்கோல் கொட்டிலில் விடியும் வரை கிடந்தாராம். யாரும் தேடிப் போகவில்லை. எந்த மலைக்குப் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போதும் சொல்லாமல்தான் போகிறார் என்றார். நாலு கேள்வியோடு திரிந்த எனக்குக் கேட்காமலே கிடைத்த பதில் இதுதான். மற்றதெல்லாம் என் மனம் கட்டிய கதை. இது உண்மை.

செவ்வாய்க்கிழமை பஸ் தரிப்பில் நேரே கேட்டேன், அப்படிப் போகிறவர் யாருக்காவது சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று. அவர் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "ஆருக்குச் சொல்லுறது அக்கா?" என்றார். பகிடி மாதிரித்தான் சொன்னார். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மாரிக் கதையையும் விடாமல். அம்மா கையை விரித்தார். ஒருவருக்கும் சொல்லாமல் மலைக்குப் போகிறவன் நாளைக்குப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டும் அப்படித்தான் போவான், இதை இத்தோடு விடுவோம் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு எந்தப் பக்கம் கதைப்பதென்று தெரியவில்லை. அம்மா சொன்னதில் பிழை இல்லை. பஸ் தரிப்பில் அவர் சொன்னதும் காதை விட்டுப் போகவில்லை.

தங்கச்சி எழும்பிப் போய் ரெலிபோனை எடுத்தாள். அதுவரை எப்போதும் இத்தாலியில் இருந்து அவர்தான் எடுப்பார். எங்கள் எல்லோருக்கும் முன்னால், அறைக்குள் போகாமல், நின்றபடியே கதைத்தாள்.

"வாற சனிக்கிழமை எங்க போறீங்கள்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ கேட்கவில்லை. அவள் ஒரு கையால் பேனையைத் தேடி எடுத்தாள்.

"மலையின்ர பேர் எனக்கு வாயில வராது. பாதையின்ர இலக்கத்தைச் சொல்லுங்கோ. எத்தினை மணிக்கு இறங்குவீங்கள்?"

குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய கலண்டரில் அந்தச் சனிக்கிழமைக் கட்டத்துக்குள் ஒரு இலக்கத்தையும் ஒரு நேரத்தையும் எழுதினாள். இதென்ன வேலை என்று அம்மா கேட்டார்.

"இறங்கி வராட்டி எங்க தேடுறது எண்டு ஒரு ஆளுக்காவது தெரிய வேணும் அம்மா" என்றாள். ரெலிபோன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது.